குழந்தைகளின் இழப்புத்துயர்

குழந்தைகளின் இழப்புத்துயர் என்பது பெற்றோரையோ, உடன்பிறந்தோரையோ, தம்மை வளர்த்தோரையோ இறப்பினால் அல்லது பிரிவினால் இழந்த குழந்தைகள் அடையும் துயரையும், அதன் விளைவாக அவர்களது உடல்நலம், நடத்தை, கல்வி, உறவுகள் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களையும் குறிக்கும். இழப்பு திடீரென்றோ அச்சமூட்டும் வகையிலோ நிகழ்ந்து, அந்நிகழ்வின் நினைவே இறந்தவரை எண்ணித் துயரப்படுவதற்குத் தடையாகிவிடும்போது அது அதிர்ச்சித் துயர் எனப்படுகிறது. இத்துயரைத் தாங்கிக் கடப்பதற்குக் குழந்தைக்கும் அதன் குடும்பத்துக்கும் அளிக்கப்படும் உதவிகள் உளசமூக ஆதரவு என்று அழைக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் 2004 ஆம் ஆண்டு நிகழ்ந்த கும்பகோணம் பள்ளித் தீ விபத்து, அதே ஆண்டின் ஆழிப்பேரலை, எய்ட்ஸ் நோயினால் ஏற்பட்ட இறப்புகள், 2020-21 ஆம் ஆண்டுகளின் கோவிட்-19 பெருந்தொற்று ஆகியவை இத்துறையில் முக்கியமான பட்டறிவைத் தந்துள்ளன. ஒருவரை இழந்த குழந்தையை, எஞ்சியிருக்கும் உறவினர், உடன்பிறந்தோர், பள்ளி, வாழிடம் ஆகியவற்றிலிருந்தும் பிரிப்பது அக்குழந்தைக்கு இரண்டாவது இழப்பாக அமைகிறது என்பது இவற்றிலிருந்து பெறப்படும் பொதுவான முடிவு ஆகும்.

கலைச்சொற்கள்

* இழப்புத்துயர் - நெருங்கியவரை இழந்தபின் இயல்பாக எழும் துயர். இது நோய் அன்று.
* அதிர்ச்சித் துயர் - இறப்பு நிகழ்ந்த விதம் பற்றிய அச்சமும் துயரும் ஒன்றாகக் கலந்த நிலை. அப்பாவின் சிரித்த முகத்தை நினைக்க முயலும் குழந்தைக்கு விபத்தின் காட்சியே முதலில் தோன்றுவதால், அவரைப் பற்றிய எல்லா நினைவுகளையும் அது தவிர்க்கத் தொடங்குகிறது.
* தெளிவற்ற இழப்பு - ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாத நிலை. அமெரிக்க உளவியலாளர் பவுலின் பாஸ் இக்கருத்தை உருவாக்கினார்.
* ஒப்புக்கொள்ளப்படாத துயர் - வெளியில் சொல்லவோ அழவோ சமூகம் இடமளிக்காத துயர். கென்னத் டோக்கா 1989 இல் இக்கருத்தை முன்வைத்தார்.
* நீடித்த துயர்க் கோளாறு - துயரின் கடுமை குறையாமல் நீண்டகாலம் தொடர்ந்து அன்றாட வாழ்வை முடக்கும் நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11 ஆவது பதிப்பில் (நடைமுறை: 2022) இது இடம்பெற்றுள்ளது. அவ்வகைப்பாட்டின்படி குறைந்தது 6 மாதங்கள் கடந்த பின்னரே இதனைக் கோளாறு எனக் கருதலாம்.

ஆய்வு வரலாறு

பிரிவு குழந்தைகளைப் பாதிப்பது பற்றிய முறையான ஆய்வுகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் வலுப்பெற்றன. குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். போர்க்காலக் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா பிராய்டும் டோரத்தி பர்லிங்காமும், தாயுடன் இருந்து குண்டுவீச்சைக் கண்ட குழந்தைகளைவிடத் தாயைப் பிரிந்து பாதுகாப்பாக இருந்த சிறு குழந்தைகள் கூடுதலாகக் கலங்கியதைக் கண்டறிந்தனர்.

இங்கிலாந்து உளமருத்துவர் ஜான் பவுல்பி 1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, வீடிழந்த குழந்தைகளுக்கு நிலையான தாயன்பு இன்றியமையாதது என்று வலியுறுத்தியது. இவரது பணியிலிருந்தே பற்றுக் கோட்பாடு உருவானது. ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952 இல் வெளியிட்ட ஆவணப்படம், மருத்துவமனையில் பெற்றோரின்றி விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை படிப்படியாக ஒடுங்குவதைக் காட்டியது. மருத்துவமனைகளில் குழந்தைகளுடன் பெற்றோர் தங்க இசைவளிக்கும் வழக்கம் பரவுவதற்கு இப்படமும் ஒரு காரணமாயிற்று.

துயரப்படுவோர் இறந்தவரை மறந்து விடுபடவேண்டும் என்ற பழைய கருத்து 1990களில் மாறியது. இறந்தவருடனான உறவு வேறு வடிவில் தொடரலாம் என்ற கருத்தும், துயரப்படுபவர் இழப்பை எதிர்கொள்வதற்கும் அன்றாட வாழ்வைச் சீரமைப்பதற்கும் இடையே மாறிமாறிச் செல்கிறார் என்ற இரட்டைச் செயல்முறைக் கோட்பாடும் (ஸ்ட்ரோப், ஷுட், 1999) ஏற்கப்பட்டன. குழந்தைகளிடம் இம்மாற்றம் விரைவாக நிகழ்வதைக் காணலாம். பத்து நிமிடம் அழுத குழந்தை அடுத்த நிமிடம் விளையாடச் செல்வது, அதற்கு வருத்தம் இல்லை என்பதைக் காட்டாது.

வயதும் புரிதலும்

இறப்பு மீளாதது, எல்லோருக்கும் வருவது, உடலின் எல்லாச் செயல்களும் நின்றுவிடுவது என்ற கருத்துகளைக் குழந்தைகள் படிப்படியாகவே அடைகின்றனர். பின்வரும் பகுப்பு தோராயமானது.

* 2 வயதுக்குட்பட்டோர்: இறப்பை அறியார். ஆயினும் தூக்கும் கையும் பழகிய குரலும் மாறியதை உணர்வர். உறக்கமும் உணவும் குலையும்.
* 3 முதல் 5 வயது வரை: இறந்தவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்ப்பர். "அம்மா எப்போது வரும்?" என்ற வினாவைப் பலமுறை கேட்பர். தாம் கோபத்தில் நினைத்தது நடந்துவிட்டது என்று நம்பித் தம்மையே குற்றவாளியாகக் கருதுவதும் உண்டு.
* 6 முதல் 10 வயது வரை: இறப்பு மீளாதது என்பதைப் புரிந்துகொள்வர். உடலுக்கு என்ன ஆகும், அடுத்து யார் இறப்பார் போன்ற ஐயங்கள் எழும்.
* 11 வயதுக்கு மேற்பட்டோர்: பெரியவர்களைப் போலவே அறிவர். துயரை மறைத்து, இளையோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தாமே ஏற்பர். சிலர் சினம், தனிமை, படிப்பில் நாட்டமின்மை ஆகியவற்றை வெளிப்படுத்துவர்.

குழந்தை வளரும்போது இழப்பின் பொருளும் மாறுகிறது. நான்கு வயதில் தாயை இழந்த பெண் பூப்பெய்தும்போதும், பள்ளி இறுதித் தேர்வின்போதும், திருமணத்தின்போதும் அவ்விழப்பைப் புதிதாக உணர்வது இயல்பே ஆகும்.

அறிகுறிகள்

படுக்கையில் சிறுநீர் கழித்தல், பெரியவர்களை விட்டு அகலாதிருத்தல், வயிற்றுவலி, தலைவலி, கெட்ட கனவுகள், பள்ளிக்குச் செல்ல மறுத்தல் ஆகியவை முதல் வாரங்களில் பரவலாகக் காணப்படும். நிகழ்ந்ததையே மீண்டும் மீண்டும் விளையாடுவதும் வரைவதும் உண்டு. பெரும்பாலான குழந்தைகளிடம் இவை சில மாதங்களில் தணிகின்றன. தற்கொலை எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், நீண்ட நாள் உண்ணாமை அல்லது உறங்காமை, பல மாதங்கள் கடந்தும் தணியாத அச்சம் ஆகியவை இருப்பின் மனநல மருத்துவரின் உதவி தேவை. இவற்றுள் தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் காத்திருக்கக் கூடாது.

தமிழ்ச் சமூகத்தின் துக்க வழக்கங்கள்

ஒப்பாரி, துக்கம் விசாரித்தல், பதினாறாம் நாள் காரியம், ஆண்டுத் திதி, கிறித்தவர்களின் நினைவுத் திருப்பலி, இசுலாமியர்களின் நாற்பதாம் நாள் வழிபாடு முதலியவை துயரைச் சமூகம் பகிர்ந்துகொள்வதற்கான வழிகள் ஆகும். ஆனால் இவற்றில் குழந்தைகள் பெரும்பாலும் ஒதுக்கி வைக்கப்படுகின்றனர். அடக்கம் முடியும்வரை அண்டை வீட்டுக்கு அனுப்பப்படுவதும், "ஊருக்குப் போயிருக்கிறார்", "சாமியிடம் போய்விட்டார்", "தூங்குகிறார்" என்று சொல்லப்படுவதும் வழக்கம். காக்கும் நோக்கத்துடன் சொல்லப்பட்டாலும் இச்சொற்கள் குழப்பம் விளைவிக்கின்றன. ஊருக்குப் போனவர் ஏன் தொலைபேசியில் பேசவில்லை என்று குழந்தை ஏங்கும். தூக்கம் என்று கேட்ட குழந்தை தூங்கவே அஞ்சலாம். உண்மையைப் பின்னர் பிறர் வாயிலாக அறியும்போது வீட்டாரின் மீதுள்ள நம்பிக்கையும் குலைகிறது. மூத்த மகன் சிறுவனாக இருந்தால் கொள்ளி வைக்கும் கடமை அவன்மேல் விழுகிறது. என்ன நடக்கும் என்பதை முன்கூட்டி விளக்கி, அவனுக்கு நெருக்கமான ஒருவர் உடன் நிற்பது இத்தருணத்தில் பெரிதும் உதவும்.

தமிழ்நாட்டு நிகழ்வுகள்

கும்பகோணம், 2004

2004 சூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த பள்ளி ஒன்றில் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தனர். சில குடும்பங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை இழந்தன. உயிர் பிழைத்த மாணவர்கள் ஒரே நாளில் தம் வகுப்புத் தோழர்களையும் உடன்பிறந்தோரையும் இழந்தவர்கள் ஆவர். இழப்பு ஒரே நகரின் சில தெருக்களில் குவிந்திருந்ததால் ஆறுதல் சொல்லவேண்டிய அண்டை வீட்டாரும் துக்கத்தில் இருந்தனர். வழக்கின் தீர்ப்பு பத்து ஆண்டுகள் கழித்து 2014 சூலை 30 அன்றே வெளிவந்தது. ஒவ்வோர் ஆண்டும் சூலை 16 அன்று பெற்றோர் அப்பள்ளியின் முன் படங்களை வைத்து விளக்கேற்றி அஞ்சலி செலுத்துவது வழக்கமாயிற்று. இறந்தவருடனான உறவு தொடர்கிறது என்ற கருத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஆழிப்பேரலை, 2004

2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். இவர்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தோர். உடல்கள் விரைவாகவும் கூட்டாகவும் புதைக்கப்பட்டதால் பல குடும்பங்களால் இறந்தவரின் முகத்தைக் காணவோ சடங்குகளைச் செய்யவோ இயலவில்லை. குழந்தைகள் கடலையும் அலையையும் திரும்பத் திரும்ப வரைந்தனர்.

பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது. இக்குழந்தைகளை அவசரமாகத் தத்துக் கொடுப்பதை அரசு தடுத்தது. குழந்தைக் கடத்தலைத் தவிர்ப்பதுடன், உறவினரைத் தேடிக் கண்டறிய அவகாசம் அளிப்பதும் இதன் பயன் ஆகும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பின் குழந்தைகளை இழந்த பெற்றோருக்கு மறுஇணைப்பு அறுவை மருத்துவம் செய்யவும் அரசு உதவியது. அவ்வாறு பிறந்த குழந்தையை இறந்த குழந்தையின் இடத்தில் வைக்காமல் தனி ஒருவராக வளர்ப்பது பெற்றோர் எதிர்கொண்ட புதிய சவால் ஆயிற்று.

பெங்களூரின் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தன்னார்வலர்கள் ஆகியோருக்கு உளசமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது. மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986 இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பின் அனுபவமும் குறிப்பிடத்தக்கது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உறவுகளை இழந்தோரைத் தொடர்ந்து சந்தித்து அளித்த ஆதரவு பயன் தந்ததாக 2008 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மனநல மருத்துவர்கள் குறைவாக உள்ள இடங்களில் உள்ளூர் மக்களே முதல் துணையாக இருக்க முடியும் என்பதை இப்பணிகள் காட்டின.

தாம்பரம் சானடோரியம்

சென்னையின் தென்புறநகரில் உள்ள தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை, 1928 இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்துவால் காசநோய்க் காப்பகமாகத் தொடங்கப்பட்டு 1937 இல் அரசிடம் வந்தது. அக்காலத்தில் காசநோய் கண்ட தாயோ தந்தையோ மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், குழந்தைகளைப் பிரிந்து காப்பகங்களில் தங்கவேண்டியிருந்தது. சென்னையில் 1956 இல் அமைக்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையத்தின் ஆய்வு (1959), வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்வோரும் காப்பகத்தில் தங்கியோருக்கு இணையாகக் குணமடைகின்றனர் என்றும், அதனால் வீட்டாருக்குத் தொற்று கூடுவதில்லை என்றும் நிறுவியது. மருந்து முறை பற்றிய இம்முடிவு உலகெங்கும் எண்ணற்ற குடும்பங்களின் பிரிவையும் தவிர்த்தது.

இம்மருத்துவமனை 1993 முதல் எச்.ஐ.வி நோயாளிகளை ஏற்று, நாட்டின் முக்கிய எய்ட்ஸ் மருத்துவ மையங்களுள் ஒன்றானது. எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகளின் துயர் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்படாத துயராகவே இருந்தது. இறப்பின் காரணத்தை மறைக்கவேண்டியிருந்தது. பள்ளியில் தெரிந்தால் ஒதுக்கப்படுவோம் என்ற அச்சமும் இருந்தது. தந்தையை இழந்த சில காலத்திலேயே தாயையும் இழந்தோர் பலர். 2004 ஏப்பிரல் 1 அன்று இலவச கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்ட முதல் எட்டு அரசு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. பெற்றோரின் ஆயுளை நீட்டித்ததன் மூலம் இச்சிகிச்சை குழந்தைகளின் இழப்பையும் குறைத்தது.

எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, போதிய முதிர்ச்சியுள்ள 12 முதல் 18 வயது வரையான மூத்த பிள்ளை, நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் தன் தம்பி தங்கையருக்குப் பள்ளிச் சேர்க்கை, மருத்துவம் முதலியவற்றில் காப்பாளராகச் செயற்பட இடமளிக்கிறது. உடன்பிறந்தோர் பிரிக்கப்படாமல் ஒன்றாக வாழ்வதற்கு இவ்விதி உதவுகிறது.

கோவிட்-19 பெருந்தொற்று

இப்பெருந்தொற்றில் இறப்பும் பிரிவும் ஒருங்கே நிகழ்ந்தன. மருத்துவமனைக்குச் சென்ற தந்தையைக் குழந்தை மீண்டும் காணவே இல்லை. உடல் உறையிடப்பட்டு நேரே இடுகாட்டுக்குச் சென்றது. நோய்த்தொற்று அச்சத்தால் உறவினர் துக்கம் விசாரிக்க வரவில்லை. பள்ளிகளும் மூடியிருந்தன. 2021 மே 29 அன்று தமிழ்நாடு அரசு, பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்பீடு, உறவினர் பாதுகாப்பில் வளரும் குழந்தைக்கு 18 வயதுவரை மாதம் 3,000 ரூபாய், பெற்றோரில் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 3 இலட்சம் ரூபாய் ஆகிய உதவிகளை அறிவித்தது. உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு மாத உதவி வழங்கியது, காப்பகமே முதல் தீர்வு என்ற நிலை மாறியதைக் காட்டுகிறது.

இலங்கை

இலங்கையில் நீண்ட போரும் ஆழிப்பேரலையும் ஒரே மக்களைத் தாக்கின. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனிமனிதரிடம் மட்டும் காண இயலாது என்றும், குடும்பமும் ஊரும் சேர்ந்து காயமுறும் கூட்டு மனவடுவாக அதனைக் காணவேண்டும் என்றும் எழுதியுள்ளார். மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ், முசுலிம் குழந்தைகளை ஒன்றாக அழைத்துக் களிமண், ஓவியம், கதை, நாடகம் ஆகியவற்றின் வழியே ஆறுதல் பெற உதவியது. காணாமல் ஆக்கப்பட்டோரின் பிள்ளைகள் தெளிவற்ற இழப்புக்கு முதன்மையான எடுத்துக்காட்டு ஆவர். தந்தைக்குத் திதி கொடுப்பதா, அவர் வருவாரென்று காத்திருப்பதா என்பதே அவ்வீடுகளில் தீராத வினாவாக உள்ளது. இத்தகைய குடும்பங்களிடம் முடிவான ஒரு பதிலை ஏற்குமாறு வற்புறுத்தாமல், இரு நிலைகளோடும் வாழத் துணைநிற்பதே ஆதரவின் நோக்கமாகும்.

ஆதரவின் படிநிலைகள்

2007 இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் உதவியை நான்கு அடுக்குகள் கொண்ட கூம்பாக விளக்குகின்றன.

1. உணவு, உறைவிடம், பாதுகாப்பு - அனைவருக்கும் தேவை.
2. குடும்பம், சமூகம், பள்ளி ஆகியவற்றை மீண்டும் இயங்கச் செய்தல் - மிகப் பலருக்குப் போதுமானது.
3. பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லது பணியாளரின் தனிக்கவனம் - சிலருக்குத் தேவை.
4. மனநல மருத்துவம் - மிகச் சிலருக்குத் தேவை. அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இவ்வகையில் நன்கு ஆராயப்பட்டது.

நிகழ்வு நடந்த உடனேயே அனைவரையும் அமரவைத்து அதனை விவரிக்கச் செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

* நெருங்கிய ஒருவர், எளிய சொற்களில், "இறந்துவிட்டார்" என்றே சொல்லுதல். தெரியாதவற்றைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளுதல்.
* "இது உன்னால் நடந்ததன்று", "உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்" என்பவற்றைத் திரும்பத் திரும்பக் கூறுதல்.
* சடங்கில் பங்கேற்பதா வேண்டாவா என்பதைக் குழந்தையிடம் கேட்டு முடிவு செய்தல்.
* உணவு, உறக்கம், பள்ளி ஆகியவற்றின் நேரத்தை இயன்றவரை மாற்றாதிருத்தல்.
* உடன்பிறந்தோரை ஒரே வீட்டில் வைத்திருத்தல்.
* இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுதல், அவரது படத்தையும் ஒரு பொருளையும் குழந்தையிடம் கொடுத்தல்.
* "நீதான் இனி இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை", "அம்மா முன்னால் அழாதே" போன்ற சுமைகளை ஏற்றாதிருத்தல்.
* குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும் துயரில் இருப்பதால், அவருக்கு ஓய்வும் பேச்சுத்துணையும் கிடைக்கச் செய்தல்.

பள்ளியில் செய்யத்தக்கவை

குழந்தை திரும்பி வருமுன் ஆசிரியர் வகுப்பு மாணவர்களிடம் செய்தியைச் சொல்லி, துருவிக் கேட்கவேண்டாம் என அறிவுறுத்தலாம். மதிப்பெண் அட்டையில் தந்தையின் கையொப்பம் கேட்பது, பெற்றோர் தொழிலை எழுந்து சொல்லச் செய்வது போன்ற சிறு நடைமுறைகள் குழந்தையைப் புண்படுத்தக்கூடும். அழுகை வந்தால் வகுப்பிலிருந்து வெளியேறி அமர ஓர் இடமும், அணுகுவதற்கு ஓர் ஆசிரியரும் இருப்பது நல்லது.

சட்டமும் உதவியும்

இளைஞர் நீதிச் சட்டம், 2015, குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்கவேண்டும் என்ற கோட்பாட்டைக் கொண்டுள்ளது. அச்சட்டத்தின் 74 ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் (2022) உறவினர் வீட்டில் வளரும் குழந்தைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு வழிசெய்தது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அன்புக்கரங்கள் திட்டத்தைத் தொடங்கியது.

இவ்வுதவிகளின் தேவையைப் புறநகர்ப் பகுதிகளில் தெளிவாகக் காணலாம். 2021 இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் முதலிய இடங்களில் வேலைக்காகக் குடியேறி வாடகை வீடுகளில் வாழும் குடும்பங்கள் பல. வருவாய் ஈட்டியவர் இறந்தால் வாடகை தர இயலாமல் வீடு கைவிடப்படுகிறது. குழந்தை ஆண்டின் நடுவே சொந்த ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடமோ விடுதிக்கோ அனுப்பப்படுகிறது. தந்தையோடு தாயின் அருகாமை, நண்பர்கள், பள்ளி ஆகியவற்றையும் அது ஒரே மாதத்தில் இழக்கிறது. உரிய நேரத்தில் கிடைக்கும் சிறு மாத உதவி இப்பிரிவைத் தடுக்கலாம். பம்மல் பகுதிக் குழந்தைகளுக்காகச் செங்கல்பட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ குழந்தைகள் நலக் குழுவையோ அணுகவேண்டும்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098 ஆகும். 2022 அக்டோபர் 10 முதல் செயற்படும் தொலைமனநல உதவி எண் 14416 ஆகும். இவற்றைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

இவற்றையும் பார்க்க

* பற்றுக் கோட்பாடு
* ஒப்பாரி
* கும்பகோணம் பள்ளித் தீ விபத்து
* 2004 இந்தியப் பெருங்கடல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும்